குழாயில் வந்த கோதை

இராசபாளையத்தில் மார்கழி விடிகாலை, கோயில் குழாயில் எம்.எல். வசந்தகுமாரி. அந்த நாட்டை ராகம்தான் திருப்பாவை என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி, ஸ்ரீவில்லிபுத்தூரில் கோஷ்டி சேவிப்பதைக் கேட்டதும் குழம்பிப் போனேன். அங்கே ராகமில்லை, கூட்டுக்குரலின் நடை மட்டும்.

முப்பது பாட்டுக்கும் ராகம் அமைத்தவர் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் (1890–1967). கச்சேரிக்காரரின் காது அது. முதலடி பல்லவியாகித் திரும்பத் திரும்ப வருகிறது. பாவைப் பாட்டிலோ கனம் முழுக்கக் கடைசியில், தோழியை விளிக்கிற இடத்தில். விளி போய் வருணனை மேலேறிவிட்டது. இதை வெறும் மெருகு என்று எப்படிச் சொல்வது?

ஆனாலும் மரபின் தூய்மை பேசுகிறவர்கள் பக்கம் நான் இல்லை. பெண்ணின் சொல், கோயிலில் ஆண்களின் வாய், மேடைக்கு ஓர் ஆணின் மெட்டு. வீட்டுக்குள் பாடிய பெண்களை ஊர் கேட்டதா என்ன? இசைத்தட்டுதான் பெண்குரலைத் தெருவுக்குக் கொண்டுவந்தது. கோஷ்டியில் நிற்க எல்லாருக்கும் இடமில்லை. குழாய்க்குக் கீழே நிற்க யாரையும் கேட்க வேண்டாம்.

சிக்கல் அதற்குப் பிறகுதான். தட்டில் பதிந்தது ஒரு நாளின் பாட்டு. நாம் அதையே மூலப்பிரதி ஆக்கிவிட்டோம். பள்ளிக்கூடப் போட்டிகளில் பிள்ளைகள் வசந்தகுமாரி மூச்சு விட்ட இடத்திலேயே மூச்சு விடுகிறார்கள். ஒருத்தி தன் பாட்டி சொல்லித்தந்த மெட்டில் பாடினாள். மார்க் குறைத்துவிட்டார்கள்.