சேரிக்கு விழிப்புணர்வு, ஆபீசுக்கு விஞ்ஞானம்

‘விழிப்புணர்வு’ என்கிற சொல்லைக் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்க்க வேண்டியிருக்கிறது. அது புழங்கும் இடமெல்லாம் ஒருவர் விழித்திருப்பதாகவும் இன்னொருவர் தூங்கிக்கொண்டிருப்பதாகவும் முன்கூட்டியே தீர்மானமாகிவிடுகிறது. எச்.ஐ.வி. குறித்துத் தமிழில் முப்பதாண்டுகளுக்கும் மேலாகக் கட்டமைக்கப்பட்டுள்ள சொல்லாடல் பெரும்பாலும் இந்தத் தீர்மானத்தின் மேல்தான் நிற்கிறது. மண்டையோட்டுப் போஸ்டர், கரகாட்டம், தெருக்கூத்து, டிசம்பர் 1 ஊர்வலம் எல்லாம் வந்து போயின. விஞ்ஞானம் மட்டும் ஆபீசை விட்டு வெளியே வரவில்லை.

பாகூர் கொம்யூனில் ஒரு காலனியில் நடந்த கூட்டம். (பாரிஸ் கம்யூனுக்கும் இதற்கும் பெயரைத் தவிர எந்த ஒட்டுமில்லை, பிரெஞ்சுக்காரன் விட்டுப்போன உள்ளாட்சிப் பெயர், அவ்வளவே.) எல்லாம் பேசி முடித்து டீ கொடுக்கும் நேரத்தில், நடவு வேலைக்குப் போகிற ஒரு அம்மா எழுந்து கேட்டார்: “முன்ன குடுத்த மாத்திர போட்டா ராத்திரி தல சுத்தும், கனவு கனவா வரும். இப்ப குடுக்கறதுல அது இல்ல. எனக்குக் கிருமி கொறஞ்சிடுச்சா, இல்ல மாத்திரையே வேறயா?” பேச வந்திருந்தவருக்கு அவரைவிட இருபது வயது குறைவிருக்கும். “அதெல்லாம் ஒனக்கு எதுக்கும்மா? வேளா வேளைக்குப் போடு, போதும்” என்றார். அந்த ‘ஒனக்கு’ என்பதைக் கவனியுங்கள். சேரிக்கு மாத்திரை போய்ச் சேர்ந்துவிட்டது. ‘உங்களுக்கு’ இன்னும் போய்ச் சேரவில்லை.

அந்த அம்மா கேட்டது கச்சிதமான விஞ்ஞானக் கேள்வி. பழைய கூட்டு மாத்திரையில் எஃபாவிரென்ஸ் இருந்தது. தலைசுற்றலும் விசித்திரக் கனவுகளும் அதன் அறியப்பட்ட பக்கவிளைவுகள், அதனால்தான் படுக்கப் போகும்போது போடச் சொன்னார்கள். இப்போது அந்த இடத்தில் டோலுடெகிராவிர். மாத்திரைதான் வேறு. இதைச் சொல்ல இரண்டு நிமிடம் போதும். (கூட்டத்தில் உட்கார்ந்திருந்த எனக்கும் அன்று இது தெரியாது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.)

சரி, இந்த அறிவு எங்கிருந்து வந்தது? 1986இல் சென்னையில் சுனிதி சாலமனும் அவரது மாணவி நிர்மலாவும் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டுபிடித்தது பாலியல் தொழிலாளர்களான பெண்களின் இரத்தத்தில். அவ்வாறு தொற்று கண்டறியப்பட்ட பெண்கள் தண்டனைக்காலம் முடிந்த பிறகும் காவல் இல்லத்தில் அடைத்து வைக்கப்பட்டார்கள். பத்திரிகையாளர் ஷியாமளா நடராஜ் உயர் நீதிமன்றம் போன பின்புதான், 1990இல், கதவு திறந்தது. அறிவின் மூலப்பொருளாக இரத்தத்தைக் கொடுத்தவர்கள் அறிவின் பெயரால் கைதிகளானார்கள். இன்னொன்று: மருந்தைத் தொடர்ந்து உட்கொள்பவரிடமிருந்து இணைக்குத் தொற்று பரவுவது 96 சதவீதம் குறைகிறது என்று 2011இல் அறிவிக்கப்பட்டதே, 1,763 தம்பதியர் பங்கேற்ற அந்த ஆய்வு (எச்.பி.டி.என். 052) நடந்த இடங்களில் சென்னையும் ஒன்று. தமிழ் உடல்கள் நிரூபித்துக் கொடுத்த உண்மை அது. இரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து அப்படியே நீடித்தால் உடலுறவு வழியே பரவாது என்பது இன்று உலகறிந்த செய்தி. வில்லியனூர்ப் பக்கத்துக் கிராமத்தில் புருஷனோடு ஒரே பாயில் படுக்கப் பயந்து பத்து வருஷமாகத் திண்ணையில் படுக்கும் பெண்ணுக்கு அதை யார் சொன்னார்கள்?

இதற்கு மாறான ஒரு மரபும் நம்மிடமே உண்டு. கௌசல்யா உள்ளிட்ட பதினெட்டுப் பெண்கள் 1998இல் சென்னையில் தொடங்கிய தொற்றுள்ள பெண்களின் கூட்டமைப்பு, குழந்தைகளுக்கான நெவிரபின் சிரப்புக்கு ஒரு பன்னாட்டுக் கம்பெனி கேட்ட காப்புரிமையை எதிர்த்து, பிற தொற்றுள்ளோர் அமைப்போடு சேர்ந்து 2006இல் மனுப்போட்டது. 2008இல் காப்புரிமை மறுக்கப்பட்டது. தெரிந்த மூலக்கூறுக்குப் புது வடிவம் கொடுத்தால் அது கண்டுபிடிப்பாகுமா என்பது அங்கே வாதம். ‘இலக்குக் குழு’ என்று கோப்பில் எழுதப்பட்டவர்கள் வேதியியலுக்குள் நுழைந்துவிட்டார்கள். 2022இல் மாத்திரைத் தட்டுப்பாட்டை எதிர்த்துத் தில்லியில் எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் வாசலில் ஒரு மாதத்துக்கு மேல் உட்கார்ந்தவர்களுக்கும் எந்த மருந்து இல்லை, அதற்குப் பதிலாக எதைத் தருகிறார்கள் என்று பெயர் சொல்லிக் கேட்கத் தெரிந்திருந்தது. ‘வெள்ள மாத்திர’ என்று மட்டும் தெரிந்தவரால் அதைக் கேட்டிருக்க முடியாது.

கறுப்பர்களிடம் இது இன்னும் தெளிவாக நடந்தது. 1999இல் லாஸ் ஏஞ்சல்ஸில் ஃபில் வில்சன் தொடங்கிய கறுப்பு எய்ட்ஸ் நிறுவனம், கறுப்பினச் சமூகத்திலிருந்தே ஆட்களைத் தேர்ந்து வைரஸின் உயிரியலையும் சிகிச்சையையும் முறையாகப் படிப்பித்துத் திருப்பி அனுப்பியது. அதற்கு ‘பல்கலைக்கழகம்’ என்றே பெயர் வைத்தது. தென்னாப்பிரிக்காவில் 1998இல் உருவான சிகிச்சை இயக்கம் ‘சிகிச்சைக் கல்வி’யையே அரசியல் வேலையாகச் செய்தது. அதற்கும் முன்னால் கருஞ்சிறுத்தைகள் இலவச மருத்துவமனை நடத்தி, அரிவாள் செல் நோய்க்குத் தெருவில் சோதனை செய்தவர்கள். அவர்களிடமிருந்து 1972இல் பம்பாயில் தலித் சிறுத்தைகள் பெயரை எடுத்துக்கொண்டார்கள். நாமும் கவிதையை எடுத்துக்கொண்டோம், கோபத்தை எடுத்துக்கொண்டோம். மருத்துவமனையை மட்டும் விட்டுவிட்டோம்.

சிறுபத்திரிகைக்காரர்களாகிய நம் கதை இதைவிடச் சங்கடமானது. ஃபூக்கோவைப் படித்து ‘உடல்’, ‘அதிகாரம்’, ‘கண்காணிப்பு’ என்று பக்கம் பக்கமாக எழுதினோம். 1984 ஜூனில் அவர் இறந்தது எய்ட்ஸால். அதே ஆண்டு அவரது துணைவர் தானியேல் தஃபேர் ‘எய்த்’ என்ற அமைப்பைத் தொடங்கினார். நோயாளியே அறிபவராகவும் சமூகத்தை மாற்றுபவராகவும் வர முடியும் என்பது அவர் முன்வைத்த கருத்து. பிரெஞ்சுப் பெயர் தாங்கிய தெருக்களில் டீ குடித்தபடி உடலரசியல் பேசிய நம்மில் எத்தனை பேருக்கு சிடி4 என்றால் என்னவென்று தெரியும்?

பாகூருக்கு ஒரு செப்பேடு உண்டு. ஒன்பதாம் நூற்றாண்டில் பல்லவன் நிருபதுங்கன் காலத்தது. அவ்வூர் வித்யாஸ்தானத்துக்கு மூன்று கிராமங்கள் தானமாக விடப்பட்டதை அது பதிவு செய்கிறது. வரலாற்றுப் பெருமையாக அடிக்கடி சொல்லப்படும் செய்திதான். அந்த மூன்று கிராமங்களிலும் வயலில் நின்றவர்கள் யார், அவர்கள் விளைத்த நெல்லைத் தின்று உள்ளே உட்கார்ந்து ஓதியவர்கள் யார் என்பதைச் செப்பேடு பேச வேண்டியதில்லை, நமக்கே தெரியும். ‘ஒனக்கு எதுக்கும்மா’ என்பதற்கு ஆயிரத்து நூறு வருஷ வயது.

பயிற்சி என்று ஒன்று நடந்தால் அது எந்த மொழியில் நடக்கும்? ‘சிடி4 என்பவர்கள் போர்வீரர்கள், வைரஸ் எதிரி’ என்கிற படைமொழியில் எனக்கு உடன்பாடில்லை. அது தொற்றுள்ளவரின் உடம்பை எதிரி பிடித்த நாடாக ஆக்கிவிடுகிறது. கிருமி இரத்தத்தில் கண்டறிய முடியாத அளவுக்குப் போன பிறகும் ஏன் ஆயுசுக்கும் மாத்திரை என்று அதே காலனியில் பிறகு பேச்சு வந்தபோது, முன்பு கேட்ட அதே அம்மா சொன்னார்: “கோரையாட்டம். மேல எவ்ளோ புடுங்கினாலும் கெழங்கு அடியில கெடக்கும். களையெடுக்கறத நிறுத்தினா மறுபடி மொளைக்கும்.” சில செல்களுக்குள் வைரஸ் உறங்கிக் கிடக்கிறது, மருந்து அதைத் தொடுவதில்லை என்று பாடப்புத்தகம் சொல்வதற்கு இதைவிடச் சரியான தமிழ் எனக்குக் கிடைக்கவில்லை.

அமெரிக்காவில் இத்தகைய பயிற்சிகளுக்குள் மருந்துக் கம்பெனிப் பணம் புழங்குவது ரகசியமல்ல. இங்கே வேறு மாதிரி. பயிற்சி பெற்றவர் ஒரு அடையாள அட்டையோடும் சொற்ப மதிப்பூதியத்தோடும் ப்ராஜெக்ட்டின் கடைசிப் படிக்கட்டில் உட்கார வைக்கப்படுவார். ப்ராஜெக்ட் முடிந்தால் அவரும் முடிவார். இன்னொரு சிக்கலையும் லேசாகச் சொல்லிவிட முடியாது. கிராமத்தில் இந்த விஞ்ஞானத்தைப் பேச முன்வருபவரை ஊர் உடனே ‘அவளுக்கும் இருக்கு போல’ என்று படித்துவிடும். ஊர்க்கண்ணுக்குப் பயந்து பாகூரிலிருந்து மாநில எல்லை தாண்டிக் கடலூர்ப் பக்கம் மாத்திரை வாங்கப் போகிறவர்கள் உண்டு. 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. சட்டம் ரகசியம் காக்கச் சொல்கிறது, பாகுபாட்டைத் தடை செய்கிறது. ஆனால் திண்ணைக்குச் சட்டம் எட்டுவதில்லை. எனவே தொற்றுள்ளவர்களை மட்டும் பயிற்றுவிப்பது தவறு என்றே நினைக்கிறேன். மகளிர் குழு, நூறு நாள் வேலைக்குப் போகிறவர்கள், நற்பணி மன்றத்துப் பையன்கள் என்று கலந்து உட்கார வேண்டும். யாருக்கு இருக்கிறது என்ற கேள்வி அங்கே எழக்கூடாது.

அடுத்த முறை போனபோது எஃபாவிரென்ஸ் பற்றிப் படித்துக்கொண்டு போய் அந்த அம்மாவிடம் சொன்னேன். தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். பிறகு, “அது சரிங்க, முன்னல்லாம் ஆறு மாசத்துக்கு ஒருக்கா சிடி4 பாத்து நம்பர் சொல்வாங்க. இப்ப வைரல் லோடுன்னு எடுக்கறாங்க, நம்பரச் சொல்ல மாட்டேங்கறாங்க. எவ்ளோன்னு கேட்டா குடுப்பாங்களா?” என்றார். கொடுத்தாக வேண்டும், அது உங்கள் இரத்தம் என்றேன். அடுத்த வாரம் மாத்திரை வாங்கப் போகும்போது கூட வர முடியுமா என்று கேட்டார்.