நன்னூற் பாயிரமும் கல்வித் தலைமையும்

நன்னூலின் பொதுப்பாயிரம் நல்லாசிரியரை நிலத்தொடும் மலையொடும் துலாக்கோலொடும் மலரொடும் ஒப்பிட்டுக் காட்டுகின்றது. ஆசிரியராதற்குத் தகாதாரையும் விடாது, கழற்குடம், மடற்பனை, பருத்திக்குண்டிகை, முடத்தெங்கு என்னும் நான்கனோடு உவமிக்கின்றது. மாணாக்கரை அன்னம் முதலாகப் பன்னாடை ஈறாக மூவகைப்படுத்துகின்றது. பாடஞ் சொல்லும் முறையும் கேட்கும் முறையும் தனித்தனியே வகுக்கப்பட்டுள்ளன. இவ்வளவும் கூறிய பவணந்தியார், ஆசிரியரையும் மாணாக்கரையும் ஓரிடத்தே கூட்டி வைத்துக் காப்பவரைப் பற்றி யாதும் கூறிற்றிலர். ஆசிரியரைத் தேர்பவர் யார், அவர் நீங்கினால் அவ்விடத்தே அமர்பவர் யார், உணவும் உறையுளும் யார் பொறுப்பு என்னும் வினாக்களுக்குப் பாயிரத்தில் இடமில்லை.

நூல் செய்வித்த சீயகங்கன் சிறப்புப்பாயிரத்துள் போற்றப்படுகின்றான். எனினும், புரப்பவன் என்ற முறையில் அவன் பெறும் இடம் அந்நூலின் வரலாற்றுள் அடங்குவது. கல்வி நெறியின் இலக்கணத்துள் அவனுக்குப் பங்கில்லை. நல்லாசிரியரைக் கண்டால் நாம் உடனே பாராட்டிவிடுகின்றோம். நல்ல முதல்வரை எவ்வளவைகொண்டு மதிப்பது என்று திகைக்கின்றோம். இத்திகைப்புக்குப் பாயிரத்தின் இவ்வமைப்பும் ஒரு காரணம் என்பது என் கருத்து.

சேர்க்கையைப் பற்றி மட்டும் பாயிரம் விரிவாகவே பேசுகின்றது. தன் மகன், ஆசான் மகன், அரசன் மகன், பொருள் மிகக் கொடுப்போன், வழிபடுவோன், உரைத்ததை விரைந்து கொள்வோன் ஆகியோர்க்கே நூல் உரைக்கப்படும். சோம்பர், செருக்கர், பிணியாளர் முதலியோர் விலக்கப்படுவர். கொள்வதும் தள்ளுவதும் ஆசிரியரது உரிமை. இன்று திருச்சிராப்பள்ளியின் தெற்குப் பகுதியாகிய எடமலைப்பட்டி புதூரில் ஒரு பொதுப்பள்ளியின் தலைமையாசிரியராக இருப்பவர்க்கு இவ்வுரிமை இல்லை. 2009-ஆம் ஆண்டு இயற்றப்பெற்று 2010 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின்படி, ஆறு முதல் பதினான்கு அகவை வரையுள்ள எக்குழந்தையையும் அவர் வாயிலில் நிறுத்திவிட இயலாது. முக்காற்பங்கினர் பெற்றோராகவும், மொத்தத்திற் பாதியினர் மகளிராகவும் அமைந்த மேலாண்மைக் குழுவோடு அவர் கூடியிருந்து செயல்படவேண்டும். ஓட்டைக் குடத்தையும் பன்னாடையையும் விலக்கிவிடும் எளிய வழி அவர்க்கு அடைபட்டுவிட்டது. நன்னூலை அவர் மேசைமீது வைத்து, ‘இதன்வழி நடக்க’ என்று நாம் கூறினால், பணியிற் பாதிக்கு அது துணைசெய்யாது.

இத்துறைச் சொற்களும் ஒருவகையிற் சான்று பகர்கின்றன. பள்ளியின் தலைவரைத் தலைமை‘யாசிரியர்’ என்கின்றோம். தலைமையை ஆசிரியத் தன்மைக்குள்ளேயே அடக்கிய சொல் அது. பல்கலைக்கழகத்திற்குச் சென்றாலோ வேந்தரும் துணைவேந்தருமாக அரசவைச் சொற்கள் எதிர்ப்படுகின்றன. தாளாண்மை என்பது பழைய வழக்கில் இடையறா முயற்சி. ‘தாளாளர்’ என்பதனைத் தனியார் பள்ளி நிருவாகிக்கு வழங்குபவர், பெரும்பாலும் கையெழுத்திடும் தாளையே நினைக்கின்றனர் போலும்! ஆசிரியர், அரசர் என்னும் இரண்டு உருவங்களுக்கு இடையே, கல்வித் தலைவர்க்கெனத் தனியுருவம் ஒன்று நம் மொழியில் உருவாகவில்லை.

ஆயினும் இலக்கணத்தில் இல்லாதது வாழ்க்கையில் இல்லாமற் போகவில்லை. அதனைக் காண்டற்கு உ. வே. சாமிநாதையர் எழுதிய இரு நூல்களை இப்பார்வையொடு படித்தல் வேண்டும். ஒன்று, 1933, 1934-ஆம் ஆண்டுகளில் இரு பாகமாக வெளிவந்த மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள் சரித்திரம். மற்றொன்று ‘என் சரித்திரம்’. இவற்றை ஆசிரியர் பெருமையும் மாணாக்கர் பணிவும் கூறும் நூல்களாகவே படித்து வருகின்றோம். கல்வியை நடத்துவோர் மூவரது வரலாறாகவும் இவற்றைப் படிக்கலாம்.

முதலாமவர் பிள்ளையவர்கள். 1815-இல் திருச்சிராப்பள்ளியை அடுத்த எண்ணெயூரிற் பிறந்து, தந்தையார் பாடஞ்சொன்ன அதவத்தூரில் வளர்ந்து, பின் மலைக்கோட்டையின் நிழலில் வாழ்ந்தவர். தண்டியலங்காரத்தைப் பாடங்கேட்பதற்கு ஒரு பரதேசிக்கு ஏவல் செய்தவர் என்று சரித்திரம் கூறும். தாம் பட்ட இன்னல் பிறர் படலாகாது என்று எண்ணியவர்போல, வந்தார்க்கெல்லாம் பாடஞ் சொன்னார். பலர்க்கு உணவும் அளித்தார். சாதி சமயம் பாராது கிறித்தவராகிய சவேரிநாத பிள்ளையை உடன் வைத்துக்கொண்டார். 1871-இல் இளைஞர் சாமிநாதர் வந்து சேர்ந்தபோது, தொடக்கத்தில் அவர் சவேரிநாத பிள்ளையிடமே பாடங்கேட்குமாறு விடப்பட்டார். மூத்த மாணாக்கர் இளையார்க்குக் கற்பிக்கும் இம்முறை நம் திண்ணைப் பள்ளிகளில் சட்டாம்பிள்ளை வாயிலாக வழங்கியதே. சென்னையில் இருந்த ஆண்ட்ரு பெல் என்னும் பாதிரியார் இந்நாட்டுப் பள்ளி வழக்கங்களைக் கண்டு, தாம் நடத்திய ஆதரவற்ற சிறுவர் பள்ளியில் மாணாக்கரைக் கொண்டே மாணாக்கர்க்குக் கற்பித்து, 1797-இல் அதனை நூலாக வெளியிட, இங்கிலாந்தில் அது ‘சென்னை முறை’ எனப் பெயர்பெற்றது. சாமிநாதர்க்கோ அஃது உவப்பளிக்கவில்லை. ஆசிரியரிடமே கேட்க வந்தவர், பிறரிடம் கேட்பதில் மனங்குன்றினார்.

பிள்ளையவர்கள் வீட்டுக் கல்விக்கு அவர் உடலும் உள்ளமுமே நிலையம். அவர் புராணம் பாட வெளியூர் சென்றால் பாடம் தடைப்படும். கடன் நெருக்கினால் வீடு தளரும். கடனைச் சாமிநாதையர் மறைக்கவில்லை. ஆனால் அதனை வள்ளன்மையின் பக்கத்திலேயே வைத்துக் காட்டுகின்றார். நிருவாகக் குறையாக எண்ணிப்பார்க்கவில்லை. மாணாக்கர் கண்ணுக்கு அப்படித் தோன்றுவது இயல்பு. திறனாய்வாளர்க்கு அவ்வியல்பு போதாது. 1876 பிப்ரவரி முதல் நாள் பிள்ளையவர்கள் மறைந்தபோது, அவ்வீட்டுக் கல்வியும் அவரோடு முடிந்தது.

மாணாக்கர் சிதறாமல் நின்றது திருவாவடுதுறையில். சுப்பிரமணிய தேசிகர் ஆதீனத் தலைவர்; செல்வமும் ஏவலரும் உடையவர்; அவ்வளவில் நில்லாது, தாமே சாமிநாதையர்க்குப் பாடஞ் சொன்னார். பின்னர் மடத்து மாணாக்கர்க்குப் பாடஞ் சொல்லும் பொறுப்பை அவரிடம் ஒப்படைத்து, அவர் அங்கே நிலைபெறுதற்கு வேண்டிய வசதிகளையும் செய்தார். ஒருவர் மறைந்தபின் மற்றொருவர் அவ்விடத்தே அமரும் ஒழுங்கு இங்கே முதன்முதற் புலப்படுகின்றது.

இனி 1880-ஆம் ஆண்டு நிகழ்ச்சி ஆராய்தற்குரியது. கும்பகோணம் கல்லூரித் தமிழாசிரியராகிய தியாகராச செட்டியார், பிள்ளையவர்களின் பழைய மாணாக்கர். உடல்நலங்குன்றி ஓய்வு கொள்ளக் கருதினார். தம் இடத்திற்குச் சாமிநாதையரே உரியர் எனத் துணிந்து திருவாவடுதுறைக்கு வந்தார். தேசிகர் முதலில் இசைந்திலர். தாம் வளர்த்த புலவர், தம் மடத்தின் அணி, வேற்றூருக்குச் செல்வதை எவர்தாம் விரும்புவர்? செட்டியாரின் வற்புறுத்தலுக்குப் பின் இசைந்து, சான்று மடலும் வழங்கி அனுப்பினார். கல்லூரித் தலைவர் கோபாலராவ், செட்டியார் சொல்லை மதித்தார்; ஆனால் அச்சொல் ஒன்றையே கொண்டு பணியளித்திலர். கல்லூரி ஆசிரியர்கள் முன்னிலையில் புதியவரின் புலமை ஆராயப்பட்டது. திங்கள் ஐம்பது ரூபாய் ஊதியத்தில் பிப்ரவரியிற் சாமிநாதையர் பணியேற்றார். அப்போது அவர்க்கு அகவை இருபத்தைந்து.

பாயிரத்து முடத்தெங்கு உவமையை ஈண்டு நினைவுகூர்தல் வேண்டும். ஒருவர் நீர் வார்த்து வளர்க்கப் பிறர்க்குக் காய் தரும் வளைந்த தென்னை, ஆசிரியராகாதார்க்கு உவமை. தம்மை வழிபட்டாரை விடுத்துப் பிறர்க்குப் பயன்படுதல் ஆசிரியர்க்குக் குற்றம் என்பது கருத்து. தேசிகர் செய்ததோ அதுவே: தம் தோட்டத்துத் தென்னையை அயலார் முற்றத்தின்மேல் வளையவிட்டார். ஆசிரியர்க்குக் குற்றமாவது தலைவர்க்குக் குணமாகின்றது. கல்வித் தலைமைக்கு ஆசிரிய இலக்கணத்தின் வேறாய இலக்கணம் வேண்டும் என்பதற்கு இதனினும் தெளிவான இடம் எனக்குத் தெரியவில்லை.

குருகுலம் போயிற்று, கல்லூரி வந்தது, அன்பு போய் அலுவல் வந்தது என்று மேடைகளிற் பேசுவது வழக்கமாகிவிட்டது. 1880-ஆம் ஆண்டு நிகழ்ச்சி அவ்வழக்கிற்கு இசையவில்லை. ஆளைக் கண்டறிந்தது பழைய மாணாக்கருறவு, விட்டுக்கொடுத்தது மடம், ஆராய்ந்து அமர்த்தியது கல்லூரி. கோபாலராவின் ஆராய்ச்சியை ஐயப்பாடு என்று பழிப்பாரும் இருக்கலாம். செட்டியாருக்குப் பிழை நேர்ந்திருந்தால் அதன் பயனை நுகர்பவர் வகுப்பு மாணாக்கரே ஆதலின், அவ்வாராய்ச்சி அவர்க்குரிய கடமையேயாம். சாமிநாதையரும் மடத்தைத் துறந்துவிடவில்லை. விடுமுறை நாட்களில் அங்கே சென்று பாடஞ் சொல்லி வந்தார். அதே ஆண்டு அக்டோபரில் கும்பகோணத்தில், முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரைச் சந்தித்தார். சிந்தாமணியைப் படித்திருக்கிறீரா என்று அவர் வினவியதும், 1887-இல் அந்நூல் அச்சேறியதும் யாவரும் அறிந்தன. தேசிகர் இறுதிவரை இசையாதிருப்பின் அச்சந்திப்பு நேர்ந்திருக்குமோ என்பது ஐயமே.

இங்ஙனம் மூவகைத் தலைமையையும் அருகிருந்து கண்டவர் பின்னர்த் தாமே தலைமை ஏற்றார். 1924 முதல் 1927 வரை சிதம்பரம் மீனாட்சி தமிழ்க் கல்லூரியின் முதல்வராக இருந்தார். எவரைச் சேர்த்தார், எவரை விட்டுக்கொடுத்தார், தேசிகரை எப்போது நினைத்தார் என்பவற்றை அவர் வாக்கிலேயே அறிய விழைந்து ‘என் சரித்திர’த்தின் இறுதிப் பக்கங்களைப் புரட்டுவோர் ஏமாற்றமே அடைவர். 1942-இல் அவர் மறைந்தபோது அந்நூல் பத்தொன்பதாம் நூற்றாண்டின் எல்லையைக் கடக்காமலே நின்றுவிட்டது.