மூன்றாம் புத்தகம்

அப்பாவின் உயிலை நான் முதன்முதலில் வாசித்தது அவர் இறந்து மூன்று ஆண்டுகள் கழித்து, சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடைப் பெஞ்சில் உட்கார்ந்து. நான்கு பக்கம். வகுப்பில் பாடம் நடத்துகிறவளுக்கு எந்தத் தாளைக் கையில் எடுத்தாலும் இதில் பேசுவது யார், யாரிடம் பேசுகிறார் என்று பார்ப்பது பழக்கம். அன்றும் அப்படித்தான் வாசித்தேன்.

"அப்பா எல்லாம் எழுதி வச்சுட்டுத்தான் போயிருக்காரு" என்று பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் தம்பி சொன்னான். அவனும் காட்டவில்லை, நானும் கேட்கவில்லை. வீட்டை விற்கும் பேச்சு வந்தபோது விடுதலைப் பத்திரம் ஒன்றைத் தயார் செய்து கொண்டுவந்தான். வாங்குகிறவர் என் கையெழுத்தும் வேண்டும் என்கிறாராம். உயில் இருக்கிறதென்றால் என் கையெழுத்து எதற்கு? கையெழுத்து வேண்டுமென்றால் உயிலைக் காட்டினால் என்ன? கேட்டேன். "அக்கா, அப்பா எழுதுனத நீ நம்பலையா?" என்றான். அன்று இரவே அத்தை போன் செய்தார். "பொறந்த வீட்டு வாசல நீயே அடச்சுக்காதடி." அத்தையும் தன் அண்ணனுக்கு, அதாவது என் அப்பாவுக்கு, ஒரு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தவர்தான். அதில் என்ன எழுதியிருந்தது என்று அவருக்கு இன்றுவரை தெரியாது.

இந்த விஷயத்தில் வீட்டைவிடச் சட்டம் தாராளமாக இருக்கிறது. 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி, பதிவான உயில்கள் மூன்றாம் புத்தகத்தில் ஏறும். எழுதியவர் உயிரோடிருக்கும்வரை அவரும் அவருடைய முகவரும் மட்டுமே நகல் வாங்கலாம். அவர் இறந்துவிட்டால், விண்ணப்பிக்கிற எவருக்கும் நகல் தர வேண்டும் என்கிறது 57ஆம் பிரிவு. எவருக்கும். மகள் என்ற தகுதிகூட வேண்டியதில்லை. தெருவில் போகிறவர்கூட இறப்புச் சான்றிதழை வைத்துக் கேட்கலாம். மனுவை நீட்டியபோது மேசைக்குப் பின்னால் இருந்தவர் கேட்டது: "வீட்ல ஆம்பளைங்க யாரும் வரலையாம்மா?"

உண்மையான சிரமம் தேடுவதில்தான். வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தால் உயில் தெரியாது. அது மூன்றாம் புத்தகத்தைத் தொடுவதே இல்லை. உயிலை மாநிலத்தின் எந்தச் சார்பதிவாளர் அலுவலகத்திலும் பதியலாம், சொத்து இருக்கும் ஊரில்தான் என்றில்லை. பதியாமல் பீரோவில் வைத்திருந்தாலும் இரண்டு சாட்சிகள் முறைப்படி கையெழுத்திட்டிருந்தால் செல்லும். அப்படியானால் நகல் கேட்டுப் போக அலுவலகமே கிடையாது. புத்தகத்தை நாம் புரட்டவும் முடியாது. அலுவலர்தான் தேட வேண்டும். பெயரும் ஆண்டும் சொல்ல வேண்டும். ஆண்டு எனக்குத் தெரியவில்லை. அம்மா யோசித்துவிட்டுச் சொன்னார்: "உன் சின்னவனுக்குக் காது குத்துனமே, அதுக்கு மறுமாசம். சலவை வேட்டி கட்டிக்கிட்டு உன் மாமாவோட டவுனுக்குப் போனாரு. வரும்போது கட்டவிரல்ல மை." காதுகுத்துப் பத்திரிகையைத் தேடி எடுத்தேன். 2011.

இனி உயில். "நல்ல நினைவுடனும் தெளிந்த புத்தியுடனும், யாருடைய தூண்டுதலும் வற்புறுத்தலும் இன்றி" என்று தொடங்குகிறது. அப்பா தன் வாழ்நாளில் 'இன்றி' என்று பேசியவரல்ல. பேசுவது பத்திர எழுத்தர். ஆனால் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கையெழுத்து அப்பாவுடையது. நடை இரவல் என்பதற்காக அவரை விட்டுவிட முடியாது.

என்னைப் பற்றிய வாக்கியம் இரண்டாம் பக்கத்தில் வருகிறது. "மேற்படி என் மகளுக்கு முறைப்படி நகைநட்டுப் போட்டு, சீர்வரிசை செய்து, நல்ல இடத்தில் திருமணம் செய்து கொடுத்துவிட்டபடியால், சொத்தில் அவளுக்கு யாதொரு பாத்தியமும் இல்லை." போட்டு, செய்து, கொடுத்து: இத்தனை வினைகளில் ஒன்றுகூட நான் செய்ததல்ல. எல்லாம் எனக்குச் செய்யப்பட்டவை. 'படியால்' என்ற அந்தச் சின்ன ஒட்டுதான் சீரை விலையாகவும் பங்கை விற்று முடித்த சரக்காகவும் மாற்றுகிறது. வரதட்சணைத் தடைச் சட்டம் வந்தது 1961இல். ஐம்பது ஆண்டுகள் கழித்து, அரசு முத்திரையோடு, கல்யாணத்துக்குக் கொடுத்தது பங்குக்கு ஈடு என்று எழுதிப் பதிய முடிகிறது. அந்த நகை இரண்டே வருடத்தில் கணவர் வீட்டுக் கடனுக்கு அடகுபோனது வேறு கதை.

தம்பியின் வாக்கியத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். "என்னையும் என் மனைவியையும் அன்புடன் பராமரித்துவரும் என் மகன்." 2011இல் அப்பாவுக்கு எந்தப் பராமரிப்பும் தேவைப்படவில்லை, தானே பஸ் ஏறிப் போய்த்தான் இதை எழுதினார். தம்பி அப்போது கோயம்புத்தூரில் வேலையில் இருந்தான். கடைசி ஏழு மாதம் அப்பா படுக்கையில் கிடந்தது என் வீட்டில். அவனைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. இப்படி ஒரு வாக்கியம் மகனுக்கு எப்போதும் தயாராக இருக்கிறது. நடந்ததோடு அதற்குச் சம்பந்தம் வேண்டியதில்லை.

ஜெராக்ஸ் கடையில் எனக்குப் புரியாமல் போய், பிறகு பல நாள் யோசித்தது இது: உயிலில் நான் எதற்கு வருகிறேன்? எல்லாவற்றையும் மகனுக்கு என்று எழுதிவிட்டால் முடிந்தது. காரணம், உயில் நீதிமன்றத்துக்கும் போகக்கூடும். சந்தேகத்துக்கு இடமான சூழ்நிலைகள் இருந்தால், உயிலை முன்வைக்கிறவர்தான் அவற்றைத் தெளிவுபடுத்த வேண்டும் என்று 1958இல் வேங்கடாசல ஐயங்கார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. வாரிசை ஒதுக்கியது மட்டுமே உயிலைச் சாய்த்துவிடாது. காரணமே சொல்லாமல் ஒதுக்கினால் கேள்வி வரும். தொழில் தெரிந்த பத்திர எழுத்தர் அதனால்தான் மகளின் பெயரைச் சொல்லி, காரணத்தையும் சொல்லி வெளியே அனுப்புகிறார். அந்த வாக்கியம் தம்பிக்காக எழுதப்பட்டதல்ல. என்றாவது ஒருநாள் நான் வாசிப்பேன் என்று எதிர்பார்த்து, என்னை நோக்கி எழுதப்பட்டது. வீட்டில் எனக்குக் காட்டக் கூடாது என்று வைத்திருந்த தாளில் என்னைத்தான் வாசகியாக நினைத்திருக்கிறார்கள். சாட்சிக் கையெழுத்துகளில் ஒன்று தாய்மாமனுடையது. சீர்த்தட்டு தூக்கி வந்தவர். "உயில் பத்தி எனக்கு என்னம்மா தெரியும்" என்று மூன்று வருடமும் சொன்னவர்.

சொத்து விவரத்தில் வீடும் முக்கால் ஏக்கர் நஞ்சையும் இருக்கின்றன. இரண்டையும் சுயார்ஜிதம் என்கிறது உயில். வீட்டு மனை வாங்க அம்மாவின் காசுமாலை போனது. நஞ்சை, தாத்தா காலத்துப் பாகப்பிரிவினையில் வந்ததாக அப்பா சொல்லிக் கேட்டிருக்கிறேன். அது பூர்வீகம் என்று காட்ட முடிந்தால் அப்பா தன் பங்கை மட்டுமே உயிலில் எழுத முடியும். 2005ஆம் ஆண்டுத் திருத்தம் மகளையும் பிறப்பால் பங்குதாரர் ஆக்கியது, 2020இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. ஆகவே 'சுயார்ஜிதம்' என்பதைச் சும்மா போட்டுவைத்த சொல்லாக நான் வாசிக்கவில்லை.

மூன்றாம் பக்கத்தை அவசரத்தில் தாண்டிவிட்டேன். பஸ்ஸில் திரும்பி வரும்போதுதான் கண்ணில் பட்டது. "என் மனைவி தன் ஆயுள் பரியந்தம் மேற்படி வீட்டில் குடியிருந்து அனுபவித்துக்கொள்ள வேண்டியது." தம்பிக்கு வீடு அதற்குப் பிறகுதான். விற்பனைப் பேச்சு நடந்த வீடு. என் கையெழுத்தைக் கேட்டார்களே தவிர, அம்மாவுக்கு இப்படி ஒரு வரி இருப்பதை யாரும் அம்மாவிடம் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து சத்தமாக வாசித்தேன். அம்மா என் வாக்கியத்துக்கு எதுவும் சொல்லவில்லை, கண்ணை மட்டும் துடைத்துக்கொண்டார். மூன்றாம் பக்கம் வந்ததும், "நில்லு, அத மறுபடி படி" என்றார். படித்தேன். நகலுக்கு ஒரு நகல் எடுத்துத் தரச் சொல்லி, அதை ரேஷன் கார்டு வைக்கும் பைக்குள் வைத்துக்கொண்டார். தம்பியிடம் அவரே பேசுகிறேன் என்றிருக்கிறார். பாகப்பிரிவினைப் பத்திரத்தின் நகலுக்கு நான் மனுப் போட்டிருக்கிறேன். அது முதல் புத்தகம்.