வருமானச் சான்றிதழும் இரண்டாவது பிள்ளையும்

போன ஜூனில், மாமல்லபுரத்துக்கு வடக்கே ஒரு மீனவர் குப்பத்தில், கல்லூரியில் சேரப்போகும் பெண்ணுக்கு வருமானச் சான்றிதழ் விண்ணப்பம் நிரப்ப உட்கார்ந்தேன். அவளுடைய அப்பா ஃபைபர் படகில் பங்குக்குப் போகிறவர். அண்ணன் ஏற்கெனவே பொறியியல் படிக்கிறான். 'ஆண்டு வருமானம்' என்ற இடம் வந்ததும் அவர் கேட்டார்: "எந்த வருஷம் சார்? பாடு இருந்த வருஷமா, இல்லாத வருஷமா?"

கடைசியில் 72,000 என்று போட்டோம். மாசம் ஆறாயிரம், பன்னிரண்டு மாசம். அந்தத் தெருவில் 'செல்லுபடியாகிற' எண் அதுதான்.

அந்த எண் பொய்னு சொல்ல மாட்டேன், உண்மைன்னும் சொல்ல முடியாது. டீசல், ஐஸ் செலவு போக, படகுக்கும் வலைக்கும் உரிய பங்கு போக, மிச்சத்தில்தான் ஆளுக்கொரு பங்கு. வியாபாரியிடம் வாங்கிய முன்பணம் அதிலும் கழியும். வடகிழக்குப் பருவமழையில் பல நாள் கடலுக்கே போக முடியாது. இதையெல்லாம் எந்த வரியில் எழுதுவது?

மறைமலை நகர் பக்கம் போனால் சிக்கல் தலைகீழ். 2022 ஜூலையில் அங்கே ஃபோர்டு ஆலை கார் தயாரிப்பை நிறுத்தியது. அந்த மாதிரி வேலை போன வீட்டில், போன வருஷச் சம்பளச் சீட்டு கச்சிதமாக இருக்கும். இந்த வருஷம் கட்டணம் கட்டப் பணம் இருக்காது. காகிதம் இல்லாதவர் வருமானத்தை ஊகிக்கிறோம், காகிதம் இருப்பவரின் பழைய வருமானத்தை நம்புகிறோம்.

என் முதல் குற்றச்சாட்டு இது: சான்றிதழ் கேட்கிற கேள்வியே தப்பு. 'இந்தக் குடும்பத்தால் இந்த வருஷம் எவ்வளவு தர முடியும்?' என்பது தெரிய வேண்டும். அது சொல்வதோ 'கோட்டுக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா' என்பதை மட்டும். கோடும் ஒன்றல்ல. பட்டியல் இன, ஓ.பி.சி. மாணவருக்கான மத்திய உதவித்தொகைகள் பலவற்றுக்கு 2.5 லட்சம். ஐ.ஐ.டி.யில் 1 லட்சத்துக்குக் கீழே முழுக் கல்விக் கட்டணமும் தள்ளுபடி, 5 லட்சம் வரை மூன்றில் இரண்டு பங்கு. 2024 நவம்பரில் ஒப்புதல் பெற்ற பி.எம். வித்யாலட்சுமி கடன் திட்டத்தில் 3 சதவீத வட்டிச் சலுகைக்கு 8 லட்சம். ஒரு ரூபாய் கூடினால் சலுகையே மாறிவிடும் என்றால், எண்ணை வளைக்கத்தான் தோன்றும். குற்றம் மனிதர்கள்மேல் இல்லை, கோட்டின்மேல்.

அமெரிக்காவில் பெற்றோரின் பங்கைக் கணக்குப் போட ஒரு சூத்திரமே உண்டு. வருமானத்தில் வரி, குடும்பச் செலவுக்கான கழிவு எல்லாம் போக, மிச்சத்தில் 22 முதல் 47 சதவீதம் என ஏறிக்கொண்டே போகும். அது செங்குத்துப் பாறை இல்லை, சரிவு. வேலை போனால் ஆதாரம் காட்டிக் கல்லூரியிடம் திருத்தம் கேட்கவும் வழி உண்டு. ஆனால் 2024–25இல் வந்த புதிய கணக்கு ஒரு நல்ல விஷயத்தைக் கைவிட்டது: ஒரே நேரத்தில் இரண்டு பிள்ளைகள் கல்லூரியில் இருந்தால் பெற்றோரின் பங்கை வகுக்கும் பழைய விதி போய்விட்டது.

இங்கேயும் அடி வாங்குவது அந்த இரண்டாவது பிள்ளைதான். முதல் தலைமுறைப் பட்டதாரி சலுகை வருமானம் பார்ப்பதில்லை. வீட்டில் பட்டதாரி உண்டா இல்லையா என்பதைத்தான் பார்க்கிறது. சரிபார்க்கக்கூடிய கேள்வி, அதனாலேயே எனக்குப் பிடிக்கும். ஆனால் அண்ணன் அதைப் பெற்றுவிட்டால் தங்கைக்குக் கிடையாது. புதுமைப் பெண் திட்டம் அவளுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும். நல்லதுதான். கட்டணம் அதைவிடப் பெரிசு.

கேள்வியைக் கூட்டினால் அலைச்சலும் கூடும் என்பார்கள். ஒத்துக்கொள்கிறேன். ஆகவே ஒன்றே ஒன்றைச் சேர்க்கச் சொல்கிறேன்: இந்த வீட்டில் இப்போது எத்தனை பேர் கல்லூரியில் படிக்கிறார்கள்? கல்லூரியின் படிப்புச் சான்று போதும். ஊகமே தேவையில்லை.

விண்ணப்பத்தை முடித்து எழுந்தபோது அவர் சொன்னார்: "பையனுக்குக் கட்டுனதையும் சேத்து எழுதுங்க சார்." எழுத இடமில்லை என்றேன்.