நிகும்ப் சார் போன பிறகு

'தாரே ஜமீன் பர்' பார்த்து அழாதவர்கள் யாராவது இருந்தால் கை தூக்குங்கள். நான் தூக்க மாட்டேன். 2007-ல் தியேட்டரில் அழுதேன். போன மாதம் வீட்டில் மறுபடி பார்த்தபோதும் அழுதேன். ஆனால் இரண்டாவது முறை, மூக்கைச் சிந்திவிட்டு நிமிர்ந்தபோது ஒரு கேள்வி வந்து உட்கார்ந்துகொண்டது. அடுத்த வருஷம் இந்தப் பையனுக்கு யார் சொல்லிக் கொடுப்பார்கள்?

கதை ஞாபகம் இருக்கும். எட்டு வயது இஷான். எழுத்துகள் அவன் கண் முன்னால் டான்ஸ் ஆடுகின்றன. மூன்றாம் வகுப்பில் ஏற்கெனவே ஒரு தடவை ஃபெயில். அப்பா கொண்டுபோய் போர்டிங் ஸ்கூலில் தள்ளிவிடுகிறார். அங்கே ஓவிய வாத்தியாராக வருகிறார் ராம் சங்கர் நிகும்ப் என்கிற ஆமிர் கான். நோட்டுகளைப் புரட்டி, டிஸ்லெக்சியா என்று கண்டுபிடிக்கிறார். மும்பைக்குப் போய் அப்பாவோடு மல்லுக்கு நிற்கிறார். பள்ளி முதல்வரைச் சம்மதிக்க வைக்கிறார். மணலிலும் களிமண்ணிலும் எழுத்து, படிக்கட்டில் ஏறி இறங்கிக் கணக்கு. ஒரு பாட்டு முடிவதற்குள் பையன் தேறிவிடுகிறான்.

இப்போது விரல் விட்டு எண்ணுங்கள். பரிசோதிக்கிற உளவியலாளர், சொல்லிக் கொடுக்கிற சிறப்பாசிரியர், வீட்டாரிடம் பேசுகிற சமூகப் பணியாளர், வகுப்பு ஆசிரியர், இவர்களையெல்லாம் சேர்த்துப் பிடிக்கிற ஒருவர். ஐந்து பேர் வேலையை ஒரே ஆள் பார்க்கிறார். அவரும் தற்காலிக ஆசிரியர். ஆர்டர் முடிந்தால் கிளம்ப வேண்டியதுதான்.

இதில் வேடிக்கை என்னவென்றால், இந்தக் கதையை எழுதிய அமோல் குப்தேவும் அவர் மனைவி தீபா பாட்டியாவும் எழுதுவதற்கு முன்னால் மகாராஷ்டிரா டிஸ்லெக்சியா சங்கத்துக்குப் போய்ப் பழகித் தெரிந்துகொண்டவர்கள். அதாவது, படத்துக்குப் பின்னால் ஒரு சங்கம் இருந்தது. படத்துக்குள்ளே ஒரு தனி ஆள்தான் இருக்கிறார்.

சினிமாவுக்கு ஹீரோ வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். 2013-ல் நம்ம 'ஹரிதாஸ்' வந்தது. ஆட்டிஸம் உள்ள பையனைப் பற்றி நேர்மையான படம். அதிலும் பாரத்தைச் சுமப்பவர்கள் ஒரு அப்பாவும் ஒரு டீச்சரும். 2025-ல் நம்ம ஊர் ஆர்.எஸ்.பிரசன்னா இயக்கிய 'சிதாரே ஜமீன் பர்'. அதில் கோச்சாக ஆமிர் கான் வருகிறார். எனக்குப் பிடித்ததோ அந்த மையத்தை நடத்துகிற சர்தார்ஜி. தினமும் கதவைத் திறந்து வைக்கிறவர் அவர்தானே! போஸ்டரில் யார் பெரிதாக இருந்தார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

என் சண்டை படத்தோடு இல்லை. படத்தை அப்படியே நிஜம் என்று நம்பி, 'நல்ல டீச்சர் ஒருத்தர் கிடைச்சா போதும்' என்று உட்கார்ந்துவிட்ட நம்மோடுதான்.

எங்கள் அபார்ட்மென்டில் ஒரு அம்மா. ஏழு வயதுப் பையனுக்கு ஆட்டிஸம். கையில் எப்போதும் ஒரு கட்டைப்பை, அதற்குள் ஃபைல். பேச்சுப் பயிற்சி ஓரிடம், ஆக்குபேஷனல் தெரபி இன்னோரிடம், சான்றிதழுக்கு அரசு ஆஸ்பத்திரி, அப்புறம் பள்ளிக்கூடம். எங்கே போனாலும் முதல் கேள்வி, "பொறந்ததும் அழுதானா?" ஏழு வருஷமாக அதே பதில். பேச்சுப் பயிற்சி மேடம் வீட்டில் தமிழில் மட்டும் பேசச் சொன்னார். பள்ளியில் இங்கிலீஷ் மட்டும் என்றார்கள். மூன்றாமவர், வற்புறுத்திப் பேச வைக்காதீங்க, படத்தைக் காட்டுங்க என்றார்.

"சாப்பிட வான்னு கூப்பிடவே பயமா இருக்குண்ணா. தமிழ்ல கூப்பிட்டா ஸ்கூல்ல தப்பும்பாங்க. இங்கிலீஷ்ல கூப்பிட்டா மேடம் திட்டுவாங்க."

லிஃப்ட்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு சொன்னார். எனக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை.

மூன்று பேருமே படித்தவர்கள், நல்லவர்கள். ஒருவருக்கொருவர் போன் பண்ணிக்கொண்டதே இல்லை, அவ்வளவுதான். நான் பி.காம். படித்தவன். கேஷ் புக்கில் ஒரு தொகை, பாஸ் புக்கில் வேறு தொகை என்றால், இரண்டையும் நேர்செய்ய ஒரு ஸ்டேட்மென்ட் போட்டே ஆக வேண்டும் என்று முதல் வருஷமே அடித்துச் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். பத்து ரூபாய் இடித்தாலும் விட மாட்டார்கள். ஒரு குழந்தை விஷயத்தில் யாரும் இதைக் கேட்பதில்லை.

மேலே போனாலும் இதே கதைதான். சிறப்புப் பள்ளிகள் மாற்றுத்திறனாளிகள் நலத் துறையின் கீழ். சாதாரணப் பள்ளியில் சேர்ந்த மாற்றுத்திறன் குழந்தைகள் பள்ளிக் கல்வித் துறையின் கீழ். சிறு வயதிலேயே கண்டுபிடிக்கும் மையங்கள் சுகாதாரத் துறையில். அங்கன்வாடி இன்னொரு துறை. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் இருக்கும் சிறப்புப் பயிற்றுநர்கள் தொகுப்பூதியத்தில் வருஷக்கணக்காக ஓடிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களும் நிகும்ப் மாதிரி தற்காலிகம்தான், பாட்டு மட்டும் கிடையாது. தொடக்க வகுப்புகளில் 10 குழந்தைகளுக்கு ஒரு சிறப்பாசிரியர், அதற்கு மேல் 15 பேருக்கு ஒருவர் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2021-ல்.

சரி, தனியார் தொண்டு நிறுவனங்கள்? இங்கே கொஞ்சம் தயங்கித்தான் எழுதுகிறேன். சென்னையில் வித்யாசாகர் தொடங்கியது 1985-ல். மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் 1991-ல், அதாவது நிகும்ப் சாருக்குப் பதினாறு வருஷம் முன்னால். அரசாங்கம் அவ்வளவாகக் கண்டுகொள்ளாத காலத்தில் இப்படிப் பலர் சொந்த உழைப்பில் கட்டி எழுப்பினார்கள். கையெடுத்துக் கும்பிடலாம். ஆனால், இந்தத் துறையில் நான் சந்தித்த தலைவர்களில் பலருக்கும் 'எங்க முறை' என்று ஒரு பிடிவாதம் உண்டு. பக்கத்துத் தெருவில் இருப்பவர் என்ன செய்கிறார் என்று கேட்டால், "அவங்க வேற மாதிரி" என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

இவர்கள் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு ருசு இருக்கிறது. பார்வையற்றோர், காது கேளாதோர், கை கால் இயக்கக் குறைபாடு உள்ளவர்கள் என்று தனித்தனியே நின்றவர்கள் ஒன்றாகக் குரல் கொடுத்தபோதுதான் 1995-ல் முதல் சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தின் பட்டியலில் டிஸ்லெக்சியா இல்லை, ஆட்டிஸமும் இல்லை. ஆக, ஊரே இஷானுக்காக அழுதுகொண்டிருந்த 2007-ல் சட்டப்படி அவனுக்கு ஒரு குறையும் கிடையாது! 2016-ன் சட்டம் 21 வகைகளைச் சேர்த்தபோதுதான் அவன் உள்ளே வந்தான். சட்டம் வந்ததும் எல்லாரும் அவரவர் கட்டடத்துக்குத் திரும்பிவிட்டார்கள்.

அமெரிக்காவில் 1975-லேயே சட்டம் போட்டுவிட்டார்கள். வருஷத்துக்கு ஒரு முறையாவது பெற்றோர், வகுப்பு ஆசிரியர், சிறப்பாசிரியர், பள்ளி நிர்வாகத்தின் சார்பில் முடிவெடுக்கும் அதிகாரம் உள்ள ஒருவர் எல்லாரும் உட்கார்ந்து, அந்த ஒரு குழந்தைக்கான திட்டத்தைப் பார்த்தாக வேண்டும். அங்கேயும் கையெழுத்துக்காக நடக்கிற கூட்டங்கள் உண்டு, கோர்ட்டுக்குப் போகிற பெற்றோர் உண்டு. ஆனால், அந்த அதிகாரம் உள்ளவருக்கு ஒரு நாற்காலி போட்டிருக்கிறார்கள் பாருங்கள், அதுதான் விஷயம்.

இங்கே உலக வங்கிக் கடனோடு தமிழக அரசின் 'உரிமைகள்' திட்டம் வந்திருக்கிறது. அதில் 'விழுதுகள்' என்ற மையங்கள். எல்லாத் தெரபியும் ஒரே கூரையின் கீழ். நல்ல காரியம். கூரை ஒன்றானால் போதுமா, ஒரே மேஜையில் உட்காருவார்களா என்பதை இனிமேல்தான் பார்க்க வேண்டும்.

எங்கள் அபார்ட்மென்ட் அம்மா கதைக்கு வருகிறேன். ஒரு நாள் அவர் பயிற்சி மையத் தலைவியின் அறையிலேயே அழுதுவிட்டார். தெரபிஸ்ட்டுகள் வெளி ஆட்களிடம் ரிப்போர்ட்டைப் பற்றிப் பேசக் கூடாது என்பது அந்த மையத்தின் விதி. விதியைப் போட்டவரே போனை எடுத்துப் பள்ளி முதல்வரைக் கூப்பிட்டார். ஒரு சனிக்கிழமை ஸ்டாஃப் ரூமில் எல்லாரும் உட்கார்ந்தார்கள். நாற்பது நிமிஷம். வீட்டில் தமிழ், பள்ளியிலும் அதே பட அட்டைகள். தீர்ந்தது.

ஜூனில் பள்ளிக்குப் புது முதல்வர் வந்தார். அட்டைகள் இன்னும் வகுப்பில் இருக்கின்றனவாம். அடுத்த கூட்டம் எப்போது என்று அந்த அம்மா இரண்டு தடவை கேட்டுவிட்டார்.

"பார்க்கலாம்" என்றாராம் முதல்வர்.