தவணைக் கணக்கும் தர்மக் கணக்கும்

துணிகர முதலீட்டின் விதிகளைத் தர்ம காரியங்களுக்குப் பிரயோகிக்க வேண்டும் என்ற கொள்கை இப்போது கொடையாளர்களிடையே செல்வாக்குப் பெற்று வருகிறது. 1997-இல் ஹார்வர்டு வணிகச் சஞ்சிகையில் வெளிவந்த ஒரு கட்டுரை, அறநிலையங்கள் சிறு தொகைகளைக் குறுகிய காலத் திட்டங்களுக்கு வழங்கிவிட்டு ஒதுங்கிக்கொள்வதைக் குறைகூறி, தொழிலில் முதலிடுவோரைப் போல ஸ்தாபனத்தோடு ஆண்டுக்கணக்கில் உடனிருந்து, பணத்தோடு யோசனையும் தந்து, அதன் உள்வலிமையை வளர்க்க வேண்டும் என்று வற்புறுத்திற்று. நியாயமான வாதந்தான். ஆனால், இந்த வாதத்தைச் செட்டிநாட்டுக் கோட்டையூரில் இருந்துகொண்டு வாசிக்கிறவனுக்கு அது புதிதாகத் தோன்றாது.

கடல் கடந்து கொண்டுவிற்கப் போன நகரத்தார் இதே முறையை எத்தனையோ தலைமுறைகளாகக் கையாண்டவர்கள். பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, அடுத்தாளாகத் தேறி, நாணயமும் சாமர்த்தியமும் கண்கூடாகத் தெரிந்த பின்னரே ஒருவரை மேலாளாக நியமித்து, ரங்கூனுக்கோ பினாங்குக்கோ மூன்றாண்டுத் தவணைக்கு அனுப்பி, தவணை முடிந்ததும் ஐந்தொகை பார்த்து, லாபத்தில் அவருக்கும் ஒரு பங்கு கொடுத்து வந்த முதலாளிகள், ஆளைப் பார்த்து முதலிடுவது என்ற கலையை எவரிடமும் போய்ப் படிக்க வேண்டியிருக்கவில்லை. பிள்ளையார் சுழியிட்டுத் தொடங்கும் அதே பேரேட்டில், தர்மத்துக்கு ஒதுக்கும் மகமைக்கென்று தனியே பற்றுவரவு இருந்தது. கோயிலுக்குச் சேர்ந்த பணமும் உண்டியலில் உறங்காமல், கடைகளில் நடப்பு வட்டிக்கு நின்று பெருகிற்று. சுவாமியின் பணமும் உழைக்க வேண்டும் என்று கருதிய சமூகம் அது.

அந்த மரபில், 1909-இல், கோட்டையூரில் பிறந்தவர் அழகப்பச் செட்டியார். 1947 ஜூலையில் சென்னையில் நடந்த அன்னி பெசன்ட் நூற்றாண்டு விழாவில், நாட்டில் கல்லூரிகள் பெருக வேண்டும் என்று துணைவேந்தர் லட்சுமணசாமி முதலியார் வேண்டியதைக் கேட்டு, காரைக்குடியில் ஒரு கல்லூரி தொடங்குவதாக அந்தச் சபையிலேயே அறிவித்து, கட்டடம் எழும்பும்வரை காத்திராமல், அடுத்த மாதமே காந்தி மாளிகையில் வகுப்புகளைத் தொடங்கச் செய்தவர் அவர். மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் காரைக்குடிக்கு வந்ததற்கும் அவர் முன்வந்து அளித்த 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயுமே காரணம். 1948 ஜூலை 25-ஆம் நாள் நேரு அஸ்திவாரக் கல் நாட்டினார். 1953 ஜனவரியில் நிலையம் திறக்கப்பட்டது.

இந்தக் கொடையை ஒரு முதலீட்டாளரின் கண்கொண்டு பார்த்தால் அதன் மேன்மை புலப்படும். காரியம் பிறக்கும் முன்பே, பிறரெல்லாம் தயங்கி நிற்கும் சமயத்தில், போதும் போதாது என்ற நிலைக்கு இடமில்லாதபடி ஒரே வீச்சில் பெருந்தொகை வைக்கப்பட்டது. அந்தத் தொகை தன்னைக் காட்டிலும் பன்மடங்கு பெரிய அரசாங்கப் பணத்தை இழுத்து வந்தது. முடிவில்லாத ஆண்டுச் செலவை ராஜ்யம் ஏற்றுக்கொண்டது. துளித்துளியாகப் பத்து ஊர்களுக்குப் பகிர்ந்திருந்தால் அந்த 15 லட்சம் இன்று பத்துக் கல்வெட்டுகளாக நின்றிருக்கும். துணிகரக் கொடையின் சார்பில் சொல்லத்தக்க வாதங்களில் இதைவிட உறுதியானது ஒன்று எனக்குத் தெரியவில்லை.

எனினும் அதே கொடையில் ஒரு பலவீனமும் உண்டு. ஆராய்ச்சி நிலையம் எங்கே அமைய வேண்டும் என்பதைத் தேசத்தின் தேவையோடு கொடையாளரின் ஊர்ப்பற்றும் சேர்ந்து நிர்ணயித்தது. அந்த ஊர்ப்பற்றினால் பயனடைந்த இந்தச் சீமைக்காரர்கள் அதைக் குறையென்று சொல்ல மாட்டோம். ஆனால் வாரி வழங்கும் வள்ளல் ஒருவர் பிறவாத ஊருக்கு யார் கேட்பார் என்ற கேள்வி நிற்கத்தான் செய்கிறது. அழகப்பர் 1957-இல், நாற்பத்தெட்டு வயதுகூட நிரம்பாமல் மறைந்தார். அவர் தொடங்கியவை அறக்கட்டளையாலும் அரசாங்கத்தாலும் தாங்கப்பட்டன. 1985-இல் அழகப்பா பல்கலைக்கழகம் உருவாயிற்று. தாங்குவதற்கு ஆளில்லாத காரியங்களின் கதி வேறு.

துணிகர முதலீட்டில் பத்துத் தொழில்களில் பெரும்பாலானவை நொடித்தாலும் ஒன்றிரண்டின் லாபம் எல்லாவற்றையும் ஈடுகட்டிவிடும். தர்மத்தில் அந்தக் கூட்டல் செல்லாது. மூடப்பட்ட பள்ளியில் பாதியில் நின்ற பிள்ளைக்கு வேறோர் ஊரில் செழித்த பள்ளி ஈடாகாது. நஷ்டம் கொடுத்தவனோடு நிற்பதில்லை, பெற்றவன் தலையில் விழுகிறது. இலாபத்தோடு வெளியேறும் அவசரம் புகுந்தால் என்ன விளையும் என்பதற்கு 2010-இல் ஆந்திரம் சாட்சி: ஏழைப் பெண்களுக்கு உதவும் தொண்டாகத் தொடங்கிய நுண்கடன், முதலீட்டாளர் பணத்தில் வீங்கி, அந்த ஆண்டு பங்குச் சந்தைவரை ஏறி, வசூல் கொடுமை பற்றிய புகார்கள் பெருக, அதே ஆண்டிலேயே அவசரச் சட்டத்தால் தடுத்து நிறுத்தப்பட்டது. வட்டியின் இயல்பை நன்கறிந்த செட்டிநாட்டவர்க்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பழைய முறை மட்டும் குற்றமற்றதா என்றால் அதுவும் இல்லை. கோயில் பணமும் கடைப் பணமும் ஒரே பர்மாவில் கிடந்தன. 1942-இல் ஜப்பானியர் வந்தபோது இரண்டும் சேர்ந்தே தவித்தன. ஒரே கலத்தில் அரிசியையும் விதைநெல்லையும் வைத்த பிழை அது.

காலத்தின் அளவு பற்றியே நான் கவலைப்படுகிறேன். இதே கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் என்பவர், தமிழில் அச்சேறிய நூல்களையும் பழைய பத்திரிகைகளையும் மட்டுமின்றி, ஒருநாள் ஓடிக் கழிந்த நாடகத்தின் நோட்டீசையும், மணமக்கள் கிழவர்களான பின்னும் எஞ்சியிருந்த கல்யாணப் பத்திரிகையையும்கூடத் தேடித் தேடிச் சேர்த்தார். தொட்டால் பொடியாகும் அந்தத் தாளைக் கையில் வாங்கிப் பார்க்கிற முதலீட்டாளர் அதன் மூன்றாண்டுப் பிரதிபலன் என்னவென்று கேட்டால், சேர்த்தவரிடம் பதில் இராது. அது யாருக்குப் பயன்படும் என்பது இன்னும் பிறவாத ஓர் ஆராய்ச்சியாளருக்குத்தான் தெரியும். தவணைக் கணக்கில் அதற்கு இடமில்லை. ஆனால் அதற்கு வேண்டியிருந்ததோ மழை ஒழுகாத கூரை, செல்லரிக்காமல் பார்த்துக்கொள்ள ஓர் ஆள், மாதந்தோறும் தவறாத ஒரு சிறு செலவு; மகமை கண்ட பழைய செட்டியாருக்குப் பழகிய கணக்கு. 1992-இல் முத்தையா காலமானார். ஏறத்தாழ ஒரு லட்சம் உருப்படிகள் கொண்ட அந்தத் தொகுதியை விலைகொடுத்து வாங்கிக் காப்பாற்ற முன்வந்தது சிக்காகோ பல்கலைக்கழகம். 1994-இல் அவர் பெயரால் ஆராய்ச்சி நூலகம் எழுந்தது, சென்னையில்.