சலாமியா நாட்டுச் சிரிப்பு

இடைவேளை மணி அடித்தது. வேப்பமரத்தடியில் ஒரே கும்மாளம்! சுற்றி நின்ற சிறுவர் பதின்மர். நடுவில் நின்றவன் ஒருவன். ஒடிசாவிலிருந்து வந்தவன், ஒரகடத்துத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்ப்பவரின் மகன், பள்ளியில் சேர்ந்து முழுதாக ஒரு திங்கள் ஆகவில்லை. சுற்றி நின்றோர் வாயில் வந்த ஒலிகளையெல்லாம் கோத்து, கையை ஆட்டி, கண்ணை உருட்டி, அவனிடம் ‘பேசி’க் கொண்டிருந்தனர். பேசியவர்க்கும் பொருள் தெரியாது, கேட்டவனுக்கும் புரியவில்லை. ஆயினும் சிரிப்பு! அவனும் சிரித்தான். வேறென்ன செய்வான்? பத்துப் பேர் சிரிக்கையிலே தனித்து நின்று அழும் துணிவு, பத்து வயதுச் சிறுவனுக்கு ஏது?

அழைத்துக் கேட்டோம்.

“சும்மா விளையாட்டுக்கு, சார்! அவன் பேசுற மாதிரி பேசினோம். சலாமியா பாஷை!” என்றான் ஒருவன்.

சலாமியா! அந்தச் சொல் நம்மைச் சுட்டது. ஏனெனில், ‘விக்ரம்’ என்னும் பழைய படத்தைப் பற்றி முந்தைய வாரம் வகுப்பிலே பெருமையுடன் பேசியவர் நாம்தாம்! “பார்க்க வேண்டிய படம்” என்று பரிந்துரைத்தவரும் நாம்தாம்! பிள்ளைகள் பார்த்துவிட்டனர். நாம் காட்ட விரும்பியதை விட்டுவிட்டு, நாம் காணத் தவறியதைக் கண்டுகொண்டனர்.

ஆகவே, இக்கட்டுரை பிறர்மீது குற்றம் சாற்ற எழுந்ததன்று. நாம் எங்கே சிரித்தோம், ஏன் சிரித்தோம் என்று நம்மையே கேட்டுக்கொள்ள எழுந்தது.

1986-ஆம் ஆண்டு வெளிவந்த படம் அது. கமல்ஹாசனின் சொந்த நிறுவனம் எடுத்தது, ராஜசேகர் இயக்கியது, இளையராஜா இசையமைத்தது, எழுத்தாளர் சுஜாதாவின் கற்பனையில் விளைந்தது. ‘அக்னிபுத்ரா’ என்னும் ஏவுகணை கடத்தப்படுகிறது. கடத்தியவன் சுகிர்தராஜா, சத்யராஜ் நடித்த வேடம். மீட்கப் புறப்படுகிறான் உளவாளி விக்ரம். துணைக்கு வருபவள், கணிப்பொறி கற்ற பெண்ணொருத்தி. நம் நாட்டின் ‘அக்னி’ ஏவுகணை முதன்முதலாகச் சோதிக்கப்பட்டது 1989-இல். அதற்கு மூன்றாண்டு முன்னரே தமிழ்த் திரையிலே ஏவுகணையும் கணிப்பொறியும்! பேயும் பில்லிசூனியமும், பாம்பு வந்து பழிவாங்கும் பழங்கதையும் பணம் குவித்த காலத்திலே, அறிவியலைக் கதையின் நடுவே வைத்தனர். அதனைப் பாராட்டினோம், இன்றும் பாராட்டுகிறோம். இதனை மறைத்துவிட்டுக் குறை மட்டும் கூறுவது திறனாய்வாகாது.

ஆனால், கதை எல்லை கடக்கிறது. ஏவுகணையைத் தேடி விக்ரம் சலாமியா செல்கிறான். உலகப் படத்திலே இல்லாத நாடு அது. பெயரிலேயே ‘சலாம்’ ஒலிக்கிறது. எந்தத் திசை மக்களை எண்ணிச் சூட்டிய பெயர் என்பதற்கு விளக்கம் வேண்டுவதில்லை. மன்னர் உண்டு, அம்ஜத்கான். மன்னர் மகள் உண்டு; டிம்பிள் கபாடியா. மாளிகை உண்டு, மணற்காடு உண்டு. மக்கள்? ஆட்டத்துக்கு உண்டு, கூட்டத்துக்கு உண்டு. அவர்கட்கு ஒரு மொழியும் உண்டு. படத்துக்கென்றே புனைந்த மொழி. அதைப் பெயர்த்துச் சொல்ல ஒருவர் உண்டு, ஜனகராஜ். அவர் வாய் திறந்தால் கொட்டகை குலுங்கும்.

அதுவரை உளவுப் படமாக இருந்தது, அங்கே உளவுப் படத்தின் பகடியாக மாறுகிறது. பகடியின் பொருள் என்ன? வெள்ளையர் எடுத்த ஜேம்ஸ் பாண்டு படங்களின் வீண் பெருமையா? இல்லை. உளவாளியின் பெண் பித்தா? அதுவும் இல்லை, அது வீரமாகவே வாழ்கிறது. அந்த நாட்டாரின் பேச்சு, அந்த நாட்டாரின் வழக்கம் இவையே சிரிப்புக்குப் பொருள். நம்மவன் கையிலே அறிவியல். அவர்கள் தலையிலே அறியாமை. நாம் முன்னேறியவர் என்று காட்ட, பின்தங்கியவர் ஒருவர் வேண்டியிருக்கிறார். தேடினர், கிடைக்கவில்லை, படைத்துவிட்டனர்!

படைக்க மண் எங்கே கிடைத்தது? ராஜஸ்தானத்தில்! இந்திய மண்ணே, இந்திய மாளிகையே, தமிழ்த் திரையிலே கோமாளி நாடாயிற்று. இதற்கு மூன்றாண்டு முன், 1983-இல், அதே ராஜஸ்தானத்து உதயப்பூருக்கு வந்தனர் மேல்நாட்டார். ‘ஆக்டோபஸி’ என்னும் ஜேம்ஸ் பாண்டு படம். அதிலே இந்தியா எப்படித் தெரிந்தது? ஆணிப்படுக்கை, வாள் விழுங்குவோன், தீமிதி! நம் சென்னையைச் சேர்ந்த டென்னிசு வீரர் விஜய் அமிர்தராஜுக்கு உளவாளி வேடம் தந்தார்கள். தந்துவிட்டு, சண்டையிலும் டென்னிசு மட்டையையே கையில் கொடுத்தார்கள். சூதாடி வென்ற பணத்தை இந்தியத் துணைவரிடம் நீட்டி, சில வாரக் கறிக்குழம்புக்கு இது போதும் என்னும் பொருள்பட நகைக்கிறான் பாண்டு. கேட்டால் நமக்கு உடல் எரிகிறதல்லவா?

இன்னும் பின்னே செல்வோம். 1965-இல் பீட்டில்ஸ் பாடகர் நால்வரை வைத்து ‘ஹெல்ப்!’ என்றொரு படம் எடுத்தனர். பாண்டு படங்களைக் கிண்டல் செய்யப் பிறந்த படம். கிண்டலுக்குக் கிடைத்த பகைவர் யார்? ‘காய்லி’ என்னும் தெய்வத்துக்கு நரபலியிடும் கீழ்த்திசைக் கூட்டம்! காளி என்பதைத்தான் அப்படிக் கோணலாக்கினர். பலி மோதிரம் பாடகர் ரிங்கோவின் விரலில் சிக்கிக்கொள்கிறது. அவரைப் பலியிடத் துரத்துகின்றனர். கூட்டத்தின் தலைவராக நடித்தவரும் வெள்ளையர். கூட்டத்துப் பெண்ணாக நடித்தவரும் வெள்ளையர். பலியை எதிர்ப்பவர் நாம். பலி கேட்கும் தெய்வத்தைப் பழிப்பவரும் நாம். ஆயினும் அந்தப் படத்தைக் கண்டு நம்மால் மகிழ முடியவில்லை. ஏன்? அங்கே இடித்துரைக்கப்படுவது மூடநம்பிக்கையன்று. ‘இவர்கள் இப்படித்தான்’ என்று ஓர் இனத்தின் நெற்றியிலே குத்தப்படும் முத்திரை அது. லண்டனிலே கடை வைத்த தமிழனின் மகன், மறுநாள் பள்ளி சென்றபோது அந்த முத்திரை அவனுடன் சென்றிருக்கும்.

நமக்குச் செய்தால் இழிவு. நாம் செய்தால் நகைச்சுவையா? இதற்கு விடை சொல்லாமல் மேலே செல்ல முடியாது.

“புனைந்த நாடுதானே? புண்பட அங்கே யார் இருக்கிறார்?” என்று கேட்பர் நண்பர். நல்ல கேள்வி. புனைந்த நாடும், புனைந்த மொழியும், அதைப் பெயர்ப்பவனும் முன்பே ஒரு பெரும் படத்திலே வந்ததுண்டு. 1940-இல் சார்லி சாப்ளின் எடுத்த ‘தி கிரேட் டிக்டேட்டர்’. நாடு டோமேனியா, தலைவன் ஹிங்கெல். ஹிட்லர் உயிரோடிருந்து, ஐரோப்பாவை விழுங்கிக்கொண்டிருந்த நேரம் அது! ஹிங்கெல் மேடையேறி உளறுகிறான், உறுமுகிறான், இருமுகிறான். யூதர்மீது நஞ்சைக் கக்குகிறான். பெயர்ப்பவனோ, யூத மக்களைப் பற்றி இப்போது குறிப்பிட்டார் என்று மென்மையாக ஒரு வரியிலே முடிக்கிறான். சிரிக்கிறோம், சிரிக்கும்போதே நடுங்குகிறோம். கொடுமையைப் பூசி மெழுகும் பொய்யையல்லவா அங்கே தோலுரித்தார்! அதே படத்திலே சாப்ளின் இன்னொரு வேடமும் ஏற்றார். எளிய யூத முடிதிருத்துவோன். அவனுக்கு உளறல் மொழி இல்லை. தெளிவான மனிதப் பேச்சு அவனுக்கே தரப்பட்டது.

கொடுங்கோலன் உளறுகிறான், ஒடுக்கப்பட்டவன் பேசுகிறான். சலாமியாவிலே? வந்தவன் பேசுகிறான், வாழ்பவர் உளறுகின்றனர். கருவி ஒன்றே, குறி வேறு.

“சலாமியாவிலும் மன்னனைத்தானே கேலி செய்தனர்? முடியாட்சியைப் பழிப்பது உமக்குக் கசக்கிறதா?” என்றும் கேட்கலாம். அந்த மன்னன் தலையிலிருந்து முடியைக் கழற்றிவிட்டுப் பாருங்கள். சிரிப்பு குறைகிறதா? குறையவில்லை. அவன் ஆட்சியின் கொடுமைக்காக நாம் சிரிக்கவில்லை. அவன் பேச்சின் ஒலிக்காகச் சிரித்தோம். குடிமகன் பேசினாலும் அதே சிரிப்புத்தான் வரும். ஆகவே அடி விழுந்தது முடியின்மேல் அன்று, மொழியின்மேல்!

மொழியின்மேல்! 1938-லும் 1965-லும் மொழிக்காகச் சிறை சென்றவர், உயிர் தந்தவர் வழிவந்தோம் என்று மேடைதோறும் முழங்குகிறோமே, நாம், இன்னொருவன் தாய்மொழியை வெற்றொலி என்று நகைக்கலாமா? வேப்பமரத்தடியில் நின்றானே, அந்தச் சிறுவனின் மொழி என்ன, நேற்று முளைத்ததா? மொழியை அடிப்படையாக வைத்து 1936-இலேயே தனி மாநிலம் கண்டவர் அவன் முன்னோர். 2004-இல் தமிழுக்குக் கிடைத்த செம்மொழித் தகுதி, 2014-இல் ஒடியாவுக்கும் கிடைத்தது. இதெல்லாம் நம் பிள்ளைகட்குத் தெரியாது. சொல்ல வேண்டியவர் நாம், சொன்னோமா? படத்தைப் பற்றிச் சொன்னோம்!

பிறரைக் குத்திப் பழகிய கை, நம்மையும் விட்டுவைப்பதில்லை. 2007-இல் வந்தது ‘சிவாஜி’. உரையாடல் எழுதியவர் அதே சுஜாதா. அதிலே இரு பெண்கள். கறுப்பு நிறம் ஒன்றே அவர்கள் செய்த குற்றம்! அதைக் காட்டித்தான் கொட்டகையைச் சிரிக்க வைத்தனர். சூட்டிய பெயரோ அங்கவை, சங்கவை. தந்தை பாரியை இழந்து நின்ற மகளிரின் பெயர் என்று நாம் பாடம் நடத்தும் பெயர். கறுப்பர் நாட்டிலே கறுப்புக்குக் கேலி! முதலிலே அயலானின் மொழி. பிறகு நம் வீட்டுப் பெண்ணின் நிறம். வழி ஒன்றுதான்.

அப்படியானால் நகைச்சுவையே வேண்டாமா? தோழர்களே, அப்படிச் சொல்பவர் நகைச்சுவையின் வலிமை அறியாதவர். 1949-இல் ‘நல்லதம்பி’ படத்திலே கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் நிகழ்த்திய ‘கிந்தனார்’ காலட்சேபத்தை நினைவுகூருங்கள். அதுவும் பகடிதான்! நந்தனார் கதையின் பகடி. காலட்சேபக்காரரின் இழுப்பு, குழைவு, நடை அனைத்தும் அதில் உண்டு. ஆனால் நந்தனாரை அவர் கேலி செய்யவில்லை. தாழ்த்தப்பட்டவனைக் கோயில் நோக்கி நடக்கவிட்ட கதையை எடுத்து, கல்வி நோக்கி நடக்கவிட்டார். மக்கள் விழுந்து விழுந்து சிரித்தனர், எழுந்தபோது சிந்தித்தனர்.

இன்னும் பழையது வேண்டுமா? நம் காஞ்சியிலேயே இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டிலே மகேந்திரவர்ம பல்லவன் எழுதிய ‘மத்தவிலாசம்’ என்னும் வடமொழி நாடகம். கதை நடக்கும் இடம் இந்தக் காஞ்சி. மதுவிலே மயங்கிய காபாலிகன் தன் மண்டையோட்டுப் பாத்திரத்தைத் தொலைத்துவிட்டுப் புத்தத் துறவிமீது பழி போடுகிறான். உண்மையிலே தூக்கிச் சென்றது ஒரு நாய்! துறவு பூண்டு திரிந்த போலிகளை மன்னன் நகைத்தான். அதோடு நிற்கவில்லை. பணம் படைத்தவன் வழக்கிலே வெல்வான் என்று தன் தலைநகரத்து நீதியையும் ஒரு குத்துக் குத்திவிட்டான். மன்னனாயினும், சிரிப்பைத் தன் வாசற்படிக்கும் கொண்டுவந்தான். முடியாட்சிக்கு நாம் வக்காலத்து வாங்குவதில்லை; ஆனால் அந்தத் துணிவு, குடியாட்சிக் காலத்துப் படத்துக்கு ஏன் இல்லை என்று கேட்கிறோம்.

படத்தைத் தடை செய்க என்று கூறவில்லை. பெட்டியிலே பூட்டி வைப்பதால் சிரிப்பு சாவதில்லை, வேப்பமரத்தடியிலே முளைத்துவிடும். பார்க்கட்டும், பார்த்தபின் கேட்கட்டும். இங்கே யார் பேசுகிறார்? யார் உளறுகிறார்? சிரிக்கப்படுபவன் இந்தக் கொட்டகையில் நம் பக்கத்து இருக்கையில் அமர்ந்திருந்தால், இதே சிரிப்பு வருமா? இந்த மூன்று கேள்விகளைப் பிள்ளைகளிடம் கொடுத்தால் போதும்.

பிள்ளையார்பாளையத்திலே தறி நெய்வோர் வீடுகளிலே பேசப்படுவது தமிழ் மட்டுமா? தெலுங்கு உண்டு, கன்னடம் உண்டு. கருநாடகத்துப் பட்டும் சூரத்துச் சரிகையும் சேர்ந்துதான் காஞ்சிப் பட்டு என்று பெயர் வாங்குகிறது. அந்தத் தெருப் பிள்ளைகள்தாம் நம் வகுப்பிலே அமர்ந்திருக்கின்றனர். மறுநாள் அவர்களைக் கேட்டோம்: “உங்கள் பாட்டி வீட்டிலே என்ன மொழி பேசுகிறார்?” கைகள் தயங்கித் தயங்கி உயர்ந்தன. முதல்நாள் ‘சலாமியா பாஷை’ பேசியவன் கையும் அவற்றுள் ஒன்று.

பிறகு ஒடிசாச் சிறுவனை அழைத்தோம். கரும்பலகையருகே நின்று, ஒன்று முதல் ஐந்துவரை அவன் மொழியிலே எண்ணச் சொன்னோம். ஏக, துயி, தினி, சாரி...

“சாரியா? எங்க வீட்டுல நெய்யிறது அதுதான், சார்!” என்று கூவினான் தறிக்காரர் வீட்டுப் பிள்ளை.

வகுப்பே சிரித்தது. புதியவனும் சிரித்தான். நான்கு விரலை உயர்த்தி, “நாலு! நாலு!” என்று தமிழிலே சொல்லிச் சொல்லிச் சிரித்தான்.

நாமும் சிரித்தோம்.